பல்லுக்கு மகுடம், வேருக்கு வைத்தியம்

விடுதி அறையில் நள்ளிரவில் விளக்கு எரிந்தால், உள்ளே இருப்பவர் தேர்வுக்குப் படிக்கின்றார் என்றுதான் எண்ணத் தோன்றும். சென்ற ஆண்டு எங்கள் அறையில் மூன்று இரவுகள் விளக்கு எரிந்ததற்குக் காரணம் படிப்பன்று, பல்வலி. தேவிகுளம் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த நண்பர், கன்னத்தைக் கையால் தாங்கியபடி அறைக்குள் நடந்துகொண்டே இருந்தார். படுத்தால் வலி மிகுந்தது. எழுந்து உட்கார்ந்தால் சற்றுத் தணிந்தது. நான்காம் நாள் காலையில் வலி திடீரென நின்றது. "சரியாப் போச்சு அண்ணே!" என்று அவர் சிரித்தார். நாங்களும் மகிழ்ந்தோம். உண்மையில் அந்தப் பல் தேறவில்லை, இறந்துவிட்டது. ஐந்து வாரம் கழித்து, ஊருக்குச் சென்றிருந்தபோது, ஓரிரவில் தாடை வீங்கிக் காய்ச்சலும் கண்ட பிறகே அதனை அவர் அறிந்தார்.

வலி நின்றால் நோயும் நின்றது என்று எண்ணுவது நம் எல்லார்க்கும் இயல்பு. பல்லைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் பெரும்பிழை.

நம் மன்றத்து நண்பர் பலர், பாலக்காட்டின் கிழக்கெல்லையான சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் முதலிய ஊர்களிலிருந்தும், இடுக்கி மலையின் மூணாறு, மறையூர், பீருமேடு, குமுளி முதலிய இடங்களிலிருந்தும் வந்தவர்கள். தோட்டத்து லயத்திலிருந்து பல் மருத்துவரிடம் சென்று திரும்பச் சில குடும்பங்களுக்கு ஒரு நாள் ஆகிவிடும். அந்த நாளின் கூலியும் போய்விடும். ஆகவே, "வலிக்கிற பல்லைப் பிடுங்கி எறி, தொல்லை தீர்ந்தது" என்பதே பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. பிடுங்கவேண்டிய பல் எது, அடைத்தால் போதுமான பல் எது, மகுடம் வேண்டிய பல் எது, வேர்வரை சென்று வைத்தியம் செய்யவேண்டிய பல் எது என்பதை நாம் தெரிந்துகொண்டால், நம் பல்லையும் காக்கலாம். வீட்டாரின் பல்லையும் காக்கலாம்.

பல்லுக்குள் ஓர் உயிர்

பல்லை வெறும் எலும்புத் துண்டு என்று கருதுவோர் உளர். அஃது அப்படிப்பட்டதன்று. வெளியே நாம் காணும் வெண்மையான ஓடு எனாமல் எனப்படும். நம் உடலில் இதனினும் கடினமான பொருள் வேறில்லை. ஆனால் ஒருமுறை கரைந்து குழி விழுந்தால் இது மீண்டும் வளராது. இதனை உண்டாக்கிய உயிரணுக்கள் பல் வெளியே முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன.

எனாமலுக்கு உள்ளே டென்டின் என்னும் அடுக்கு இருக்கிறது. யானைத் தந்தம் பெரும்பாலும் இப்பொருளே. இதில் நுண்ணிய குழல்கள் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. குளிர்ந்த நீர் பட்டதும் பல் கூசுவது இக்குழல்களின் வழியாகத்தான்.

டென்டினுக்கும் உள்ளே, பல்லின் நடுவே, ஒரு சிறிய அறை உண்டு. நரம்பும் இரத்தக் குழாயும் நிறைந்த மென்மையான சதை அங்கே இருக்கிறது. அதனைப் பற்கூழ் என்பர். அந்த அறையிலிருந்து ஒவ்வொரு வேரின் நுனிவரைக்கும் மெல்லிய குழாய்கள் செல்கின்றன. அவையே வேர்க்குழாய்கள். முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரு குழாய். கடைவாய்ப் பல்லுக்கு மூன்றோ நான்கோ இருக்கும். பல்லுக்கு உயிர் தருவது இந்தப் பற்கூழே. மகுடமா, வேர்வைத்தியமா என்ற கேள்விக்கு விடை இதன் நிலையைப் பொறுத்தது.

புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை

சொத்தைப் பல்லைப் 'பூச்சிப்பல்' என்று சொல்வது நம் ஊர் வழக்கு. கண்டங்கத்தரி விதையைச் சுட்டுப் புகை பிடித்தால் புழு விழும் என்று நம்பியவர்களை நம் பாட்டிமார் காலத்தில் எங்கும் காணலாம். இந்நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. பாபிலோனியரும் ஐரோப்பியரும் பல்லில் புழு உண்டு என்றே நம்பினர். பிரெஞ்சு நாட்டுப் பியேர் ஃபோஷார் 1728-இல் வெளியிட்ட பல் மருத்துவ நூலில் இக்கொள்கையை மறுத்தார். வில்லோபி மில்லர் என்பார் 1890-இல் உண்மையான காரணத்தை விளக்கினார். நாம் உண்ணும் இனிப்பையும் மாவுப்பொருளையும் வாயிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. அந்த அமிலம் எனாமலைக் கரைக்கிறது. இதுதான் சொத்தை.

ஒருமுறை இனிப்புண்டால் அரைமணி நேரத்துக்கு மேலும் பல்லின் மேல் அமிலம் தங்கக்கூடும். பின்னரே உமிழ்நீர் அதனைத் தணிக்கிறது. ஆகையால் எவ்வளவு இனிப்பு உண்கிறோம் என்பதைவிட எத்தனை முறை உண்கிறோம் என்பதே பல்லுக்கு முக்கியம். ஒரு வேளை உணவோடு பாயசம் குடிப்பவரைவிட, நாள் முழுதும் சிறிது சிறிதாகச் சர்க்கரைத் தேநீர் பருகுபவரின் பல்லுக்கே தீங்கு மிகுதி. வெல்லமும் கருப்பட்டியும் பல்லுக்குத் தீங்கில்லை என்பாரும் உளர். மறையூர் வெல்லம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சிறப்புடையது. கிழக்குப் பாலக்காட்டுப் பனங்கருப்பட்டியின் சுவையோ சொல்லவேண்டா. எனினும் பல்லின் மேலுள்ள நுண்ணுயிருக்கு வெல்லமும் ஒன்றே, சர்க்கரையும் ஒன்றே.

வலி பேசும் மொழி

சொத்தை எனாமலோடு நிற்கும் வரையில் வலி இராது. டென்டினை அடைந்ததும் குளிரும் இனிப்பும் பட்டால் சுருக்கென்று கூசும். அவற்றை நீக்கியதும் சில நொடிகளில் அடங்கிவிடும். இந்நிலையில் பற்கூழ் சற்றே கலங்கியுள்ளது, ஆனால் தேறக்கூடியது. சொத்தையைச் சுரண்டி அடைத்துவிட்டால் போதும். வேர்வைத்தியம் வேண்டியதில்லை.

அடுத்த நிலை வேறு. குளிர்ந்த நீரை விழுங்கிய பின்னும் வலி பல நொடிகள், சில வேளை பல நிமிடங்கள் நீடிக்கிறது. சூடான காப்பி பட்டால் வலி கொல்கிறது. யாதொரு காரணமும் இன்றித் தானாகவே வலி எழுகிறது. இரவில் படுத்தால் தலைப்பக்கம் இரத்த ஓட்டம் மிகுவதால் விண்விண்ணென்று தெறிக்கிறது. காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் பாய்கிறது. பற்கூழ் இனித் தேறாது என்பதற்கு இவை அடையாளம். கடினமான ஓட்டுக்குள் அடைபட்ட சதை வீங்கினால் அதற்கு விரிய இடமேது? அதனால்தான் இத்துணை வேதனை. இந்நிலை வந்த பல்லைக் காக்கப் பெரும்பாலும் வேர்வைத்தியமே வழி.

எல்லைப்புறத்து நண்பர்களுக்கு இங்கே ஒரு குறிப்பு. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தது முதல் நம் ஊர்கள் கேரளத்தில் இருக்கின்றன. நம்மைப் பார்க்கும் மருத்துவர் பெரும்பாலும் மலையாளத்தில் கேட்பார். நாம் 'வலி' என்பதை அவர்கள் 'வேதன' என்பர். மலையாளத்தில் 'வலிக்குக' என்றால் இழுத்தல். நாம் 'கூச்சம்' என்பதை அவர்கள் 'புளிப்பு' என்பர். கூச்சமா வேதனையா, எத்தனை நேரம் நிற்கிறது, சூட்டிலா குளிரிலா, இரவிலா பகலிலா என்பவற்றைத் தெளிவாகச் சொல்லுதல் பாதி நோயறிதலுக்கு ஒப்பாகும். வீட்டுப் பெரியவர்களோடு செல்லும் மாணவர்கள் இச்சொற்களை மாற்றிச் சொல்லி உதவலாம்.

வலி நின்றால்?

என் நண்பரின் பல் இம்மூன்றாம் நிலையை அடைந்தது. பற்கூழ் முற்றும் அழுகி இறந்தால் அதிலுள்ள நரம்பும் இறக்கும். நரம்பு இறந்தால் வலி ஏது? அந்த அமைதியில் நுண்ணுயிர்கள் வேர் நுனி வழியாகத் தாடையெலும்புக்குள் இறங்குகின்றன. அங்கே சீழ் கட்டுகிறது. மென்றால் அந்தப் பல் மட்டும் உயர்ந்து நிற்பதுபோல் நோகும். பல் நிறம் மங்கிக் கறுக்கலாம். ஈறில் ஒரு சிறு கொப்புளம் தோன்றி, உடைந்து, மீண்டும் தோன்றலாம். எதுவுமே தோன்றாமல் மாதக்கணக்கில் உறங்கியும் கிடக்கலாம். கதிர்ப்படம் எடுத்தால்தான் வேர் நுனியில் கருநிழல் தெரியும்.

வலிக்குக் கிராம்புத் தைலம் வைப்போம். அது சற்று மரத்துப்போகச் செய்யும், நோயைத் தீர்க்காது. மாத்திரையைப் பல்லருகே ஈறில் வைத்து அடக்கிக்கொள்வோரும் உண்டு. அது ஈறைச் சுட்டுப் புண்ணாக்கும். மருந்துக் கடையில் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை வாங்கி விழுங்கினால் வீக்கம் சில நாள் வடியலாம். ஆனால் இறந்த பற்கூழில் இரத்த ஓட்டம் இல்லை. இரத்தம் செல்லாத இடத்துக்கு மருந்து எவ்வாறு செல்லும்? நோயின் இருப்பிடம் அப்படியே இருக்கும்.

இதில் உயிருக்கே ஊறு வரக்கூடும் என்பதை மறத்தலாகாது. கீழ்க்கடைவாய்ப் பல்லின் சீழ் நாக்கின் அடிப்புறத்திலும் கழுத்திலும் பரவினால் மூச்சுக்குழலையே நெருக்கிவிடும். தாடையின் கீழே இருபுறமும் வீங்குதல், வாய் திறக்க இயலாமை, எச்சில் விழுங்க முடியாமை, குரல் மாறுதல், மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் விடியும்வரை காத்திருக்கலாகாது. அந்த இரவே பெரிய மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மலைப்பாதையில் பயண நேரம் மிகுதி என்பதால், மலைநாட்டார் மற்றவர்களைவிட முன்னதாகவே புறப்படவேண்டும்.

வேர்வைத்தியம் எவ்வாறு நடக்கிறது?

'ரூட் கேனல்' என்ற பெயரைக் கேட்டதும் அஞ்சுவோர் பலர். அஞ்சவேண்டிய வலி சிகிச்சைக்கு முன்னரே வந்து போனதுதான். சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரன் 1943-இல் லிக்னோகெயின் என்னும் மரப்பு மருந்தை ஆக்கினார். அதனை ஊசியால் செலுத்தினால் பல்லும் ஈறும் மரத்துவிடும். அழற்சி மிகுந்த பல்லுக்கு இரண்டாம் ஊசி தேவைப்படலாம். வலித்தால் கை உயர்த்திச் சொல்வதில் நாணம் வேண்டா.

பின்னர்ப் பல்லைச் சுற்றி மெல்லிய ரப்பர்த் திரை இடுவது நல்ல முறை. எச்சில் உள்ளே புகாமலும், கருவி தொண்டைக்குள் விழாமலும் அது காக்கும். பல்லின் மேற்புறத்தில் துளையிட்டு, கெட்ட பற்கூழை நீக்கி, ஒவ்வொரு குழாயின் நீளத்தையும் அளந்து, மயிரிழை போன்ற அரங்களால் அரவி, கிருமி கொல்லும் நீரால் கழுவுவர். தூய்மையாக்கிய குழாயை வெறுமையாக விடலாகாது, அடைக்கவேண்டும்.

அடைக்கும் பொருளின் பெயர் கட்டாபெர்ச்சா. அது மலாய் நாட்டுக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால். மலாய் மொழியில் 'கெத்தா' என்றாலே மரப்பால். 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் இட்ட தந்திக் கம்பிக்கு உறையானதும் இதுவே. சூட்டில் இளகி, குளிர்ந்தால் இறுகி, உடலுக்குத் தீங்கு செய்யாதிருப்பதால் வேர்க்குழாய்க்கு இன்றும் இதனையே மிகுதியும் பயன்படுத்துகின்றனர். இம்மரத்தின் இனத்தைச் சேர்ந்த பாலி மரம் நம் பாலக்காட்டு மாவட்டத்துச் சைலண்ட் வேலிக் காட்டிலும் ஓங்கி நிற்கிறது.

இவ்வைத்தியம் ஒரே அமர்விலும் முடியலாம். இரண்டு மூன்று அமர்வுகளும் ஆகலாம். முதல் நாளிலேயே வலி தீர்ந்துவிடுவது உண்டு. பேருந்துச் செலவையும் கூலியையும் எண்ணி, "வலிதான் போய்விட்டதே" என்று பலர் பாதியில் நின்றுவிடுகின்றனர். தற்காலிக அடைப்புச் சில வாரங்களில் கசியும். நுண்ணுயிர்கள் மீண்டும் குடியேறும். செய்த செலவும் வீணாகும். தொடங்கும் முன்னரே எத்தனை முறை வரவேண்டும், என்ன செலவாகும் என்று கேட்டு, முடித்துக்கொள்ளும் உறுதியோடு தொடங்குதல் நன்று.

மகுடம் எப்போது?

ஊரார் 'கேப்' என்று சொல்லும் மகுடம், பல்லை முழுதும் கவிந்து காக்கும் உறை. பல்லைச் சுற்றிலும் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை செதுக்கி, அச்செடுத்து, ஆய்வுக்கூடத்தில் வார்த்து, பசையிட்டுப் பொருத்துவர். உலோகத்தாலும், உலோகத்தின் மேல் பீங்கான் பூசியும், சிர்கோனியாவாலும் இதனைச் செய்வர். மெல்லும் கடைவாய்க்கு வலிமையும், சிரிக்கும் முன்வாய்க்கு அழகும் முதன்மை. பீங்கான் மகுடத்துக்கு வழி வகுத்தவர்களுள் ஒருவர் டெட்ராயிட் நகரத்துச் சார்லஸ் லேண்ட். 1927-இல் அட்லாண்டிக் கடலைத் தனியே விமானத்தில் கடந்த லிண்ட்பெர்க்கின் தாய்வழிப் பாட்டனார் அவர்.

மகுடமும் வேர்வைத்தியமும் ஒன்றே என்று பலர் எண்ணுகின்றனர். இரண்டும் வெவ்வேறு. வேர்வைத்தியம் பல்லின் உள்நோயைத் தீர்ப்பது. மகுடம் பல் உடையாமல் வெளியிலிருந்து காப்பது. பாதிக்கு மேல் சிதைந்து, அடைப்பு நிற்க இடமில்லாத பல்லுக்கும், விரிசல் கண்ட பல்லுக்கும் மகுடம் வேண்டும். அங்கே பற்கூழ் நலமாக இருந்தால் வேர்வைத்தியம் இன்றியே மகுடம் சூட்டலாம்.

வேர்வைத்தியம் செய்த கடைவாய்ப் பல்லுக்கு மகுடம் பெரும்பாலும் தேவை. சொத்தையாலும் துளையாலும் அதன் சுவர்கள் மெலிந்திருக்கும்; முறுக்கைக் கடித்தால் நெடுக்காகப் பிளந்துவிடும். வேர்வரை பிளந்த பல்லைப் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டும். முன்பல் மிகுதியாகச் சிதையாதிருந்தால் அடைப்போடு நிறுத்திக்கொள்ளலாம்.

செய்யத்தகாதது ஒன்று உண்டு. பற்கூழ் இறந்திருப்பதை ஆராயாமல் மேலே மகுடம் பொருத்துவது, பிணத்துக்கு முடிசூட்டுவது போலாகும். உள்ளே சீழ் வளர்ந்துகொண்டிருக்கும். ஆதலால் மகுடத்துக்கு முன் கதிர்ப்படம் எடுத்துப் பற்கூழின் உயிரைச் சோதிப்பது முறை. நன்றாயிருந்த பல்லிலும் செதுக்கிய அதிர்ச்சியால் பின்னாளில் பற்கூழ் இறப்பதுண்டு. அப்போது மகுடத்தின் ஊடே சிறு துளையிட்டு வேர்வைத்தியம் செய்யலாம். மகுடம் சொத்தையாகாது, ஆனால் அதன் விளிம்பில் இருக்கும் நம் பல் சொத்தையாகும். மகுடம் சூடிய பல்லையும் துலக்கவே வேண்டும்.

கறை படிந்த பல்லுக்கு மகுடமா?

இங்கே சித்தூர்ப் பக்கத்து நண்பர்களுக்குத் தனியே சொல்லவேண்டியது ஒன்றுண்டு. கிழக்குப் பாலக்காடு மழை குறைந்த பகுதி. ஆழ்துளைக் கிணற்று நீரில், பாறையிலிருந்து கரைந்த ஃபுளூரைடு சில இடங்களில் அளவுக்கு மேல் இருக்கிறது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் ஆகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரம்பு. அளவோடு இருந்தால் பல்லைக் காக்கும் அதே பொருள், மிகுந்தால் குழந்தைப் பருவத்தில் உருவாகும் பல்லில் வெள்ளைத் திட்டையும் பழுப்புக் கறையையும் உண்டாக்கும். 1931-இல் அமெரிக்காவில் இக்காரணம் புலனாயிற்று. 1937-இல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் இந்நோய் பதிவாயிற்று.

இக்கறையைத் துலக்காமையின் அடையாளம் என்று எள்ளுவது அறியாமை. கறையுற்ற பல் உயிரோடும் உறுதியோடும் இருக்கலாம். திருமணத்தையோ வேலையையோ எண்ணி, அத்தகைய நல்ல பற்களைச் செதுக்கி, வேர்வைத்தியமும் செய்து, வரிசையாக மகுடம் சூட்டிக்கொள்ளுதல் இளமையில் செய்யத்தகாத செலவு. செதுக்கிய பல் மீளாது. மேற்பரப்பை மெல்லத் தேய்த்தல், வெளுத்தல், பல்நிறப் பசை பூசுதல் ஆகிய எளிய வழிகளை முதலில் கேட்டறிய வேண்டும். அவை போதாத கடுமையான நிலையில்தான் மகுடத்தை எண்ணலாம். நீரைச் சோதித்து, குழந்தைகளுக்கு நல்ல நீர் தருவதே இந்நோய்க்கு வேர்வைத்தியம்.

முடிவாக

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லைக் காக்கும் என்று நம் முன்னோர் கூறிச் சென்றனர். இன்று ஃபுளூரைடு கலந்த பற்பசையால் காலையும் இரவும் துலக்குதல் அவ்வறிவுரையின் தொடர்ச்சி. கூச்சம் கண்டபோதே சென்றால் ஓர் அடைப்போடு முடியும். இரவு வலி வந்த பின் சென்றால் வேர்வைத்தியமும் மகுடமும் வேண்டும். வீங்கிய பின் சென்றால் பல்லே போகலாம். தாமதிக்கத் தாமதிக்கச் செலவு ஏறுகிறது. அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் செலவு குறைவு. தாலுகா மருத்துவமனைகள் பலவற்றில் பல் பிரிவு உண்டு. வேர்வைத்தியம் அங்கே செய்யப்படுமா என்று முன்னரே கேட்டுச் செல்லலாம்.

என் நண்பரின் பல் பிழைத்தது. சீழை வடித்து, மூன்று அமர்வுகளில் வேரைத் தூய்மை செய்து, மகுடமும் சூட்டினர். அவருடைய தாயாரோ நாற்பத்தைந்து வயதுக்குள் ஆறு பற்களைப் பிடுங்கிக்கொண்டவர். அவற்றுள் எத்தனையைக் காத்திருக்கலாம் என்று நண்பர் ஒருநாள் என்னிடம் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. இப்போது வீட்டிலிருந்து யாரேனும் தொலைபேசியில் "பல் வலிக்குதுப்பா" என்றால், அவர் மாத்திரை பெயர் சொல்வதில்லை. "படுத்தா வலிக்குதா? சூடு பட்டா வலிக்குதா? எவ்வளவு நேரம் நிக்குது?" என்று மூன்று கேள்விகள் கேட்கிறார். பிறகு, வலி நின்றாலும் நில்லாவிட்டாலும், மருத்துவரிடம் போகும் நாளைக் குறித்துத் தருகிறார்.